மஞ்சளில் குறித்த வரி

ஆக, மனித குலம் இன்றுவரை எழுதியிருக்கிற மன்னிப்புக் கடிதங்களில் ஒன்றுகூட மன்னிப்புக் கேட்கவில்லை, இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, தென் அரைக்கோளத்தில் இந்தத் துறையில் என்னளவுக்கு உழைத்தவர் எவரும் இல்லை என்கிற பொறுப்போடு சொல்கிறேன், ஹோபார்ட்டில் கல்லூரிப் பத்திரிகையை நடத்திய இரண்டு வருடங்களில் வங்கி, விமானக் கம்பெனி, பால் பண்ணை, கால்பந்து அணி, மேயர், பாதிரியார் என்று இருநூற்றுப் பதினோரு மன்னிப்புகளைக் கத்தரித்துச் சேர்த்து ஒவ்வொன்றையும் தவளையைப்போல அறுத்துப் பார்த்தவன் நான், எல்லாவற்றுக்கும் உள்ளே அதே நான்கு உறுப்புகள்தான்… ஒருவேளை யார் மனமாவது புண்பட்டிருந்தால், எங்கோ ஒரு தவறு நடந்துவிட்டது, ஆழ்ந்த வருத்தம், இனிமேல் நடக்காது. இந்த நான்கையும் வைத்து முழுப் பக்கத்துக்கு 'மன்னிப்பு மெஷின்' என்று ஓர் அட்டவணை போட்டேன், கோடிட்ட இடத்தில் குற்றத்தை நிரப்பினால் போதும், கறிகாய் கெட்டுப்போனதற்கும் கப்பல் கவிழ்ந்ததற்கும் ஒரே கடிதம். இன்றைக்கும் அதுதான் என் பெயரைச் சொல்கிற ஒரே எழுத்து. அதற்குப் பிறகு வயிற்றுக்காக என்னென்னவோ எழுதியாயிற்று, குளியலறை ஓடு, கேரவன் பார்க், நாற்றமே இல்லை என்று நாறுகிற மீன் உரம், யார் கூப்பிட்டாலும் எழுதுவேன், சனிக்கிழமைகளில் பர்னி ஊர் பப்பில் மைக் பிடித்துப் பதினைந்து பேரைச் சிரிக்க வைப்பேன், ஆனால் யாருக்காகவும் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுத மாட்டேன், ஒரு மனிதனுக்கு ஒரு கற்பாவது வேண்டாமா?

இதை ஏன் இப்போது நினைக்கிறேன் என்றால் சனிக்கிழமை மேடைக்குப் புது ஜோக்குச் சரக்கு வேண்டும். பெங்குவின் ஊர் புல்தரைப் பந்து கிளப்பின் கூடத்தில், கடைசி வரிசையில், மெர்வ் ஹிங்ஸ்டனின் இறுதிச் சடங்கில் உட்கார்ந்துகொண்டு புதுச் சரக்கு யோசிப்பது தப்பா, தெரியவில்லை, ஈமச்சேவைக் கம்பெனிக்காக நான் வாழ்க்கைக் குறிப்பு எழுதிய எல்லாச் சடங்குக்கும் வந்துவிடுவது என் வழக்கம், எந்த வரியில் மூக்கு உறிஞ்சுகிறார்கள், எந்த வரியில் கைக்குட்டை வெளியே வருகிறது என்று கணக்கு வைப்பேன், பப்பில் சிரிப்பை எண்ணுவதைப்போல. பிறகு சாசேஜ் ரோலும் உண்டு. பெட்டியின் மேல் பூவுக்குப் பதிலாக மெர்வின் நான்கு பந்துகள், எண்ணெய் போட்டுத் துடைத்து, உருண்டு விழாமல் இருக்க அடியில் துண்டை வளையமாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஓரங்களில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காலணியுமாக கிளப் கிழவர்கள், காற்றில் கூரைத் தகடு படபடக்கிறது, முன்வரிசையில் பெவ், மெர்வின் மனைவி, கழுத்து நேராக. சடங்கு நடத்துகிற அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறாள், நல்ல குரல், அளவான துக்கம், எனக்குப் பிடித்த நடிகை. மடியில் நினைவு மலர், அட்டையில் மெர்வ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார், சும்மா புரட்டினேன், இரண்டாம் பக்கம் பாட்டு, மூன்றாம் பக்கம் என் எழுத்து, 'மெர்வின் வாழ்க்கை', பிறந்தது, படிக்காதது, துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பத்தோரு வருடம், நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று கீழே வந்தபோது அந்த வரி நின்றுகொண்டிருந்தது.

'மெர்வுக்கு இந்த உலகத்தில் பிடித்தவை இரண்டு: இந்த கிளப்பின் புல்தரை, பிறகு வீட்டுக்குப் போகாமல் இருக்க அது கொடுத்த சாக்கு.'

இல்லை. இது இங்கே இருக்க முடியாது, இது நான் எழுதியதுதான், ஆனால் இங்கே இருப்பதற்காக எழுதியது இல்லை… க்ளெனிஸ் கொண்டுவருகிற படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள், ரஸ்ஸலின் ஈமச்சேவை அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிற அவள்தான் வீடு வீடாகப் போய் அடுக்களை மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பி வாங்கி வருவாள், அதில் பதினான்காவது கேள்வி, அவருக்கு மிகவும் பிடித்தது எது? பெவ் அதை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். வெறுமை இருந்தால் எனக்குக் கை ஓடாது, அதனால் அப்போதைக்கு ஏதாவது ஒரு கிண்டலை எழுதி இடத்தை அடைத்து, மஞ்சள் பூசி வைப்பேன், மஞ்சள் என்றால் பொய், மஞ்சள் என்றால் கேட்டு மாற்றவும், இது என் தொழில்முறை, நானே கண்டுபிடித்தது, பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மஞ்சள் எங்கே போயிற்று? உள்பக்கங்கள் எல்லாம் ரஸ்ஸலின் அலுவலக மெஷினில் கறுப்பு வெள்ளையில் ஓடியவை. என் மஞ்சள் அங்கே வெள்ளை. ஒரு போன் செய்து, பெவ், அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கலாம், இரண்டு நிமிஷம், அன்றைக்கு அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன செய்தேன், அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் நேரம் இருக்கிறது. அம்மாள் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறாள், பாட்டு முடியவில்லை, மூன்று சரணம், நான்கு நிமிஷம் கிடைக்கும், எழுந்து ஓரமாகவே நடந்து போய் அவள் காதில் ஒரு வார்த்தை சொன்னால் அவள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவாள், தொழில்காரி. ஆனால் காகிதம் நூற்று இருபது மடிகளில் இருக்கிறதே, பாதிப் பேர் கண்ணாடி கொண்டுவரவில்லை, மீதிப் பாதி என்னைப்போலப் புரட்டியிருப்பார்கள்… எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், யார் இந்தப் பையன், எதற்கு ஓடுகிறான், அவன்தான் எழுதினானாம். மூன்றாவது சரணம். எழுந்திரு. கால் எழுந்திருக்கவில்லை, கால் மேல் எனக்கு எந்த அதிகாரமும் இல்லாததுபோல் அது பாட்டுக்கு இருந்தது, ஒருவேளை அவளே பார்த்துவிட்டு விட்டுவிடுவாளோ, ஒருவேளை இது அவ்வளவு மோசமான வரி இல்லையோ, ஒருவேளை சிரிப்பார்களோ, ஆஸ்திரேலியச் சாவுகளில் ஒரு சிரிப்பு எப்போதும் உண்டு, அதுவும் கிளப் ஆட்கள், மெர்வே சிரித்திருப்பார்… அம்மாள் பக்கத்தைத் திருப்பினாள். கூடம் முழுக்கப் பக்கம் திரும்புகிற சத்தம். பிறந்தது, படிக்காதது, இழுவைப் படகு. பிறகு அந்த வரி. 'சாக்கு' என்பதற்கு ஒரு சொல் முன்னால் அவள் குரல் தடுக்கியது, எனக்கு மட்டும் கேட்டிருக்கும், பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசம் என்று தெரிந்தவள், முழுதாகப் படித்து முடித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அது பரவாயில்லை, சிரிப்பு வராத மேடைகளில் நான் நின்றிருக்கிறேன். ஆனால் யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. வெள்ளைச் சட்டைக் கிழவர்கள் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள், யாரோ சொல்லி வைத்ததைப்போல, ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான், இருபத்தைந்து வயதில் தெரியவேண்டிய அளவுக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரியும். கிளப் விளக்கு அணைந்த பிறகும், வீட்டில் சொன்ன கணக்கில், மெர்வ் கிளப்பில்தான் இருந்திருக்கிறார். ஒன்றுமே தெரியாமல், இடம் அடைக்க, குருட்டாம்போக்கில் எறிந்தேன், அது போய்ச் சரியாக அங்கே நின்றிருக்கிறது. பதினான்காவது கேள்வியை பெவ் மறந்துபோய் விட்டிருக்கவில்லை… அந்த வெறுமைதான் அவள் யோசித்து எழுதிய பதில். அதன் மேல் நான் என் கிண்டலைப் பூசியிருக்கிறேன். முன்வரிசையில் அவள் கழுத்து அசையவில்லை, நினைவு மலரை இரண்டாக மடித்தாள், இன்னொரு தடவை மடித்தாள், கைப்பையைத் திறந்து உள்ளே வைத்துச் சொடுக்கி மூடினாள். அந்தச் சொடுக்கை நான் எண்ணிக்கொண்டேன், பழக்கதோஷம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கிழவர்கள் இரண்டு பக்கமும் நின்று ஆளுக்கொரு பந்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள், கார் கதவு சாத்தியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், மழையைப் பற்றி. அப்போதே கிளம்பியிருக்கலாம், ஆனால் பஸ் ஒரு மணிக்குத்தான். தேநீர் மேசைக்குப் பக்கத்தில், தட்டில் ஒரு லாமிங்டன் கேக்கோடு, அதைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன், தேங்காய்த் துருவல் சட்டையில் கொட்டிக்கொண்டிருந்தது, பெவ் நேராக என்னிடம் வந்தாள். சின்ன உருவம், பவுடர் பூசிய முகம், அழவே இல்லை. "நீதான எழுதுற பையன்? பேரென்ன, ரோரியா?" ஆமாம் என்றேன். "நல்லா எழுதியிருக்க, கண்ணு. படகைப் பத்தி எழுதினது அவருக்குப் பிடிச்சிருக்கும்." கைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அந்த ஒரு வரி. அதை யார் உனக்குச் சொன்னா?" இப்போது, ரோரி, இப்போது சொல்லு, யாரும் சொல்லவில்லை, நான் உங்களை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அது ஒரு ஜோக், இடம் காலியாக இருந்தது. எவ்வளவு சின்ன வாக்கியங்கள், ஐந்தாம் வகுப்புப் பையன் எழுதிவிடுவான். வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "எங்கயோ ஒரு தவறு நடந்திடுச்சு, திருமதி ஹிங்ஸ்டன்." அவள் என் முகத்தையே பார்த்தாள், கடையில் நோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுபோல. "எது தவறு? நடந்ததா? எழுதினதா? அச்சடிச்சதா?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் எங்க போனார்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும், கண்ணு. அது எனக்குத் தெரியும்னுதான் யாருக்கும் தெரியாது. அதை வெச்சுத்தான் நான் இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடந்தேன். ஒருத்திகிட்ட மட்டும் சொன்னேன். போன வாரம். என் அடுக்களைல, அந்தப் படிவத்தை நிரப்பறப்போ."

க்ளெனிஸ் அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும், தட்டு நிறைய சாசேஜ் ரோலோடு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அவளும் பெவ்வும் இந்த கிளப் அடுக்களையில் நாற்பது வருடமாகச் சேர்ந்து சாண்ட்விச் வெட்டியவர்கள். "பெவ், ஒண்ணாவது சாப்பிடு. காலைலேர்ந்து பட்டினியா கெடக்குற, நீயும் போய்ச் சேர்ந்துடாத." அது நல்ல ஜோக், என் ஜோக்குகளை எல்லாம்விட நல்ல ஜோக், எந்த மேடையிலும் எடுபடும். பெவ் அவளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள், சுவரில் இருந்த பரிசுப் பலகையைப் பார்த்தாள், திரும்பி நடந்து கூட்டத்துக்குள் போய்விட்டாள். க்ளெனிஸின் கை தட்டோடு அப்படியே கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தது. "பாவம்," என்றாள் என்னிடம், "துக்கம். எதுவுமே கண்ணுல படாது." நான் ஒரு சாசேஜ் ரோலை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன்?

கழிப்பறைக்குப் போகிற நடையில் ரஸ்ஸல் பிடித்துக்கொண்டார், கறுப்பு கோட்டு, அதற்குள் ஒரு கசாப்புக் கடைக்காரரின் தோள்கள், இந்தக் கரையில் சாகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையில்தான் போகிறார்கள். "மச்சான், என்னடா இது? பெவ் எங்கிட்ட வந்து ஒரே வார்த்தைதான் சொன்னா. க்ளெனிஸ் பேசியிருக்காளாம். என் தொழில்ல வாயை மூடிக்கறதுதான்டா தொழிலே, பெட்டி எவன் வேணா செய்வான்." மூச்சு விட்டார். "க்ளெனிஸ் உங்கிட்ட ஏதாவது சொன்னாளா? நேராச் சொல்லு." நேராக. நான் யோசித்தேன், இல்லை, யோசிக்கவே இல்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது, விளம்பரம் எழுதுகிற கை தானாக எழுதுவதுபோல் வாய் தானாகச் சொன்னது, "க்ளெனிஸ் கொண்டுவந்து கொடுத்ததை வெச்சுத்தான் ரஸ்ஸல் நான் எழுதறேன்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நீதிமன்றத்தில் நிற்கும். அந்தக் கிழவர்களின் பந்துகளில் ஒரு பக்கம் கனம் கூடுதலாக இருக்கும், அதனால் அவை நேராகப் போவதுபோலப் போய்க் கடைசியில் வளையும், வளைத்துவிட்டவன் கோட்டிலேயே நின்றுகொண்டிருப்பான், கையைத் துடைத்துக்கொண்டு. ரஸ்ஸல் தலையை ஆட்டினார், சட்டென்று இன்னும் வயதானவராகத் தெரிந்தார். "சரி. அவகிட்ட திங்கட்கிழமை பேசிக்கறேன். பத்தொன்பது வருஷம்… வேற வழியில்லை." பிறகு என் தோளில் தட்டினார், "பெவ்வுக்கு இன்னிக்கே ஒரு லெட்டர் போகணும், கம்பெனி சார்பா. நீயே எழுதிடு. உன் மன்னிப்பு மெஷினை இன்னும் என் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்டா, என் பொண்டாட்டி தினம் படிச்சுச் சிரிப்பா. அதுமாதிரி இல்லாம, உண்மையா எழுது."

பஸ் போய்விட்டிருந்தது. க்ளெனிஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள், "ஏறு கண்ணு, பர்னிக்குத்தான போறேன், காத்துல நின்னு செத்துகித்துப் போனா அதுக்கும் நீதான் எழுதணும்." ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம், நடந்திருக்கலாம், பதினெட்டு கிலோமீட்டர், ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரு முறையாவது பதினெட்டு கிலோமீட்டர் நடக்கவேண்டிய நாள் வரும், அது இன்றுதான் என்று தெரிந்தும் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். காருக்குள் வெண்ணெய் வாசனை, பின்சீட்டில் மிச்ச ரோல்கள் ஈரத்துணி மூடி. கடற்கரையில் நிற்கிற கான்கிரீட் பெங்குவினுக்கு யாரோ கிளப்பின் தொப்பியை மாட்டிவிட்டிருக்கிறார்கள், மெர்வுக்காக இருக்கும், காற்றில் அது ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. பழைய ரோடில் போனாள், அவளுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறக் கடல். "என் தப்புதான்," என்றாள் திடீரென்று. நான் கையில் போனை எடுத்திருந்தேன். "அச்சுக்கு விட நான் படிச்சுப் பார்த்துதான கையெழுத்துப் போடணும்? உன் எழுத்துன்னா நான் படிக்கறதே இல்லை, கண்ணை மூடிட்டுப் போட்டுடுவேன். நீ எதுக்குடா அப்படி எழுதின?" மஞ்சளில் குறித்திருந்தேன், மாற்றுவதற்காக வைத்தது என்றேன். "மஞ்சளா?" கியரை மாற்றினாள். "மெஷின்ல கலர் மை தீர்ந்து ரெண்டு வாரம் ஆச்சு, எல்லாம் கறுப்புலதான் வருதுன்னு உங்கிட்ட சொன்னேனே… சொல்லலையா?"

சொன்னாள். செவ்வாய்க்கிழமை, போனில், நான் பதிலுக்கு, உங்க தொழிலுக்குக் கறுப்பு போதுமே என்றேன், அவள் இருமல் வரும்வரை சிரித்தாள், அந்தச் சிரிப்புக்கூட எனக்கு நினைவிருக்கிறது, அதை எங்கே பயன்படுத்தலாம் என்று குறித்து வைத்தேன். "ஞாபகம் இல்லையே, க்ளெனிஸ்," என்றேன். "அப்ப நான்தான் மறந்திருப்பேன்," என்றாள், "அறுபத்து நாலாகுதுல்ல." வைப்பர் ஒருமுறை போய் வந்தது. "பெவ்வுக்கு ஒரு வாரம் விட்டுட்டுப் போன் பண்றேன். அவ என்கிட்ட எல்லாம் சொல்லுவா. என்னைத் தவிர அவளுக்கு யாரு இருக்கா?" திங்கட்கிழமை என்று ஒன்று வரப்போவது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், இந்தக் காருக்குள் இரண்டு பேர், ஒரு திங்கட்கிழமை. இப்போது சொன்னால்கூட ரஸ்ஸலுக்கு ஒரு போன், ஒரு வரி, மஞ்சள், மை, நான். பெவ்வின் வீட்டுக்கு ஒரு நடை. எதுவும் இன்னும் முடிந்துவிடவில்லை. அதை நினைத்துக்கொண்டே கட்டைவிரல்கள் ஓட ஆரம்பித்திருந்தன, அன்புள்ள திருமதி ஹிங்ஸ்டன், தங்கள் கணவரின் நினைவு மலரில் இடம்பெற்ற ஒரு வரியினால் ஒருவேளை தங்கள் மனம் புண்பட்டிருந்தால்… அழித்தேன். வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன், நான், என்று தொடங்கினேன், 'நான்' என்கிற சொல்லுக்குப் பிறகு கர்சர் கோடு மினுக்கிக்கொண்டே நின்றது, நின்றது, பர்னித் துறைமுகத்து மரக்கிடங்கு வரும்வரை நின்றது. அதையும் அழித்துவிட்டு, ஒருவேளை, என்பதையே திரும்பப் போட்டேன், பிறகு தடங்கல் இல்லை, எங்கோ, ஆழ்ந்த, இனிமேல், எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இருநூற்றுப் பதினொன்றில் எதுவும் இவ்வளவு நன்றாக இல்லை.

"என்னடா எழுதுற, சிரிக்கிற மாதிரி ஏதாவதா?" என்றாள் க்ளெனிஸ், ரோடிலிருந்து கண்ணை எடுக்காமல். ம், என்றேன். "முடிச்சதும் படிச்சுக் காட்டு. இன்னிக்கு எனக்கு ஒரு சிரிப்பு வேணும்." இப்போதைக்குக் கீழே யார் பெயர் என்பது மட்டும்தான் பாக்கி, ரஸ்ஸலா, கம்பெனியா, வேறு யாரா, தெரியவில்லை, காலியாக விட்டால் எனக்குக் கை ஓடாது, 'இப்படிக்கு' என்று போட்டு, பக்கத்தில் இருந்த வெறுமையை விரலால் தேய்த்து மஞ்சளாக்கி வைத்தேன்.